குட்டிச்சுரையின் விதைவீடு

கண்டக்டரை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தது என் சுரைக்காய்தான் என்று கிளப் மொத்தமும் நம்பியது. கிளப்பை விடுங்கள், நானே நம்பினேன். வீடு வீடாகப் போய் மன்னிப்பு வேறு கேட்டேன்.

எங்கள் வீட்டுத்தோட்டக் கிளப்பில் யாருக்கும் ஏக்கர் கணக்கில் நிலம் கிடையாது. மொட்டைமாடி, பால்கனி, கொல்லையில் துணி காயப்போட்டது போக மிச்சமிருக்கும் இடம், அவ்வளவுதான். ஞாயிறு காலையில் வாலிபால் கிளப்பின் பின்னறையில் கூடுவோம். மூலையில் கிழிந்த வலையும் காற்றுப் போன பந்துகளும் கிடக்கும், நடு மேஜையில் எங்கள் நாற்றுகள் இருக்கும். பேச்சு எருவில் ஆரம்பித்து, மாவுப்பூச்சிக்குப் போய், யார் வீட்டு மருமகள் யாரை என்ன சொன்னாள் என்பதில் முடியும்.

கிளப்புக்கு ஒரு சட்டம் உண்டு. ஒரு காய்க்கு ஒரு விதைவீடு. கத்திரிக்கு ஒரு வீடு, வெண்டைக்கு ஒரு வீடு, பூசணிக்கு ஒரு வீடு என்று பிரித்துக்கொண்டிருந்தோம். அந்த வீட்டார்தான் அந்தக் காயின் விதையை எடுத்து எல்லோருக்கும் தருவார்கள். அதே காயில் வேறு ரகம் போட யாருக்காவது ஆசை வந்தால் முதலில் விதைவீட்டில் சொல்லிவிட வேண்டும். சொன்னால், விதைவீட்டார் பூ விரியும் முன்பே அதை நூலால் கட்டி, பூச்சி உட்காராமல் காத்து, கையாலேயே மகரந்தம் தொட்டு வைப்பார்கள். யாரும் ஒன்றும் சொல்லாத வருஷம் அந்த வேலையெல்லாம் இல்லை. பூச்சிகள் பாட்டுக்கு வரும், போகும். பூச்சிக்கு நம் சட்டமெல்லாம் தெரியாது. ஒரு பூவில் உட்கார்ந்த காலோடுதான் அடுத்த பூவிலும் உட்காரும்.

இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்ததே தையல் டீச்சர்தான். வீட்டிலேயே தையல் வகுப்பு நடத்துகிறவள். புருஷன் போய்ச் சேர்ந்து, மகள் வேறு ஊரில் குடித்தனம் வைத்த பிறகு, தனக்கு மெஷினும் செடிகளும் நானும்தான் என்று என் தலையைத் தடவிச் சொல்வாள். எங்கள் மாடிக்கும் அவள் மாடிக்கும் நடுவில் ஒரே ஒரு வீடுதான். கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு நாங்கள் கத்திப் பேசுவதில், நடுவீட்டுக்காரர்களுக்கு எங்கள் குடும்ப விஷயம் எல்லாம் அத்துப்படி. பூசணியில் சொல்லாமல் வேறு ரகம் போட்ட ஒரு ரிட்டயர்டு தபால்காரரை அவள் கூட்டத்தில் நிற்க வைத்துக் கேட்ட கேள்விகளில், மனுஷர் அதோடு கிளப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. அப்போது நானும் கை தட்டினேன். சட்டம் என்றால் சட்டம்தானே.

சுரைக்கு நான் விதைவீடு. என் சுரை, கடையில் ஆள் உயரத்துக்குத் தொங்குமே, அது இல்லை. இரண்டு பேர் இருக்கிற வீட்டில் அதை வெட்டினால் வாரம் முழுக்க அதையேதான் தின்ன வேண்டும். எனக்கு அதில் கோபம். எந்தக் கொடி சின்னதாகக் காய்க்கிறதோ அதில் விதை எடுத்து, மறு வருஷம் அதிலும் சின்னதாக, அதிலும் தோல் மெல்லிசாகப் பொறுக்கி, பல வருஷம் விடாமல் பார்த்துப் பார்த்து, ஒரு வேளைச் சமையலுக்குச் சரியாக வரும் காயாக ஆக்கிவிட்டேன். குட்டிச்சுரை என்று கிளப்பில் பெயர். பல் டாக்டரின் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களிடம் "உக்காருங்க, கூப்பிடுவாங்க" என்று சொல்வதுதான் என் உத்தியோகம். அதைத் தவிர வாழ்க்கையில் நானாகச் செய்தது என்று ஒன்று உண்டென்றால் அது இந்தக் காய்தான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட வேண்டாம். போடுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்தப் பருவத்தில் நான் கொடுத்த விதையில் வந்த காய்கள் கசந்தன. சுரை கசந்தால் தூக்கி எறிந்துவிட வேண்டும், அது விஷம். காம்புப் பக்கம் ஒரு துண்டு நறுக்கி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சமைக்க வேண்டும் என்று விதை கொடுக்கும்போதே கிளிப்பிள்ளைக்குச் சொல்வது போலச் சொல்வேன். கண்டக்டரும் நாக்கில் வைத்துத்தான் பார்த்தார். பார்த்துவிட்டு, "கசக்குதுன்னா உடம்புக்கு நல்லதாத்தான் இருக்கும்" என்று மிக்சியில் அடித்து ஒரு டம்ளர் குடித்துவிட்டார். பஸ்ஸில் சில்லறை இல்லாதவனை நம்பாத மனுஷர், கசப்பை நம்பினார். மத்தியானத்துக்குள் வாந்தி, வாந்தியில் ரத்தம். பிழைத்து எழுந்ததே பெரிது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் மனைவி என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"விதை ஒண்ணு போட்டா சுரை ஒண்ணா முளைக்கும்? நீ குடுத்ததுதானே முளைச்சுது" என்றாள்.

என் மாடியில் முற்றிய முதல் காயும் கசந்திருந்தது. என் கையில்தான் எங்கோ பிசகு, சின்னது சின்னது என்று பொறுக்கியதில் கெட்ட கொடி ஒன்றைப் பொறுக்கிவிட்டேன் என்று முடிவு கட்டிக்கொண்டேன். போன வருஷக் காய் எல்லாம் வெண்ணெயாக இருந்ததே என்று ஒரு யோசனை வரத்தான் செய்தது. ஆனால் காயின் ருசி தாய்க்கொடியின் கணக்கு, விதைக்குள் எது புகுந்தது என்பது மறு வருஷம்தான் தெரியும். அதனால் அந்த யோசனை எனக்கு ஆறுதல் தரவில்லை.

அப்போது என் கூடவே இருந்தவள் தையல் டீச்சர். வகுப்பை நிறுத்திவிட்டு வந்தாள். "எல்லாக் கொடியையும் பிஞ்சோட பிடுங்கிடணும்டி, இன்னொரு காய் முத்த விடக்கூடாது" என்று அவளே வீடு வீடாகப் போய்ப் பிடுங்கினாள். யார் யாரிடம் என் விதை மிச்சம் இருந்ததோ அதையும் வாங்கிவந்தாள். மன்னிப்புக் கேட்கப் போன என்னை ஸ்கூட்டரில் ஏற்றிப் போனவர், வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் என் வீட்டுக்காரர். ஒவ்வொரு வாசலிலும் வண்டியை விட்டு இறங்காமல், ஹெல்மெட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் அவமானம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, அதற்கும் சேர்த்து நான் அழுதேன்.

விதைகளை வெந்நீரில் போட்டுக் கொல்வது என்று முடிவானது. குப்பையில் போட்டால் முளைத்துத் தொலைக்குமே. என் சமையலறையில் பெரிய பாத்திரத்தை அடுப்பில் ஏற்றியவள் அவள்தான். போன வருஷத்து விதையைக் கொட்டினேன். அதற்கு முந்தைய வருஷங்களின் விதை தனி டப்பாவில் இருந்தது. அதைக் கையில் எடுத்ததும் எனக்கு மனசு வரவில்லை.

"இது வேணாமே. இது போட்டப்ப எல்லாம் நல்லாத்தானே காய்ச்சுது" என்றேன்.

"எந்த வருஷத்துல கெட ஆரம்பிச்சுதுன்னு உனக்குத் தெரியுமா? நாளைக்கு இன்னொரு உசுரு போச்சுன்னா நீ தாங்குவியாடி?"

தாங்க மாட்டேன். கொட்டினேன். அவள் கரண்டியால் கிளறிவிட்டாள், மேலே மிதந்தவற்றைக் கூட விடாமல் அழுத்தினாள். நான் ஓவென்று அழுதேன். தன் முந்தானையாலேயே என் கண்ணைத் துடைத்துவிட்டாள். கூடப் பிறந்தவள் இருந்தால்கூட இப்படிச் செய்திருக்க மாட்டாள் என்று அன்றைக்கு நினைத்தேன்.

கிளப்பின் பொது விதைப்பெட்டி அதுவரை என் பொறுப்பில்தான் இருந்தது. அடுத்த கூட்டத்தில் அதை மேஜையில் வைத்துவிட்டு, இனி இதைத் தொடும் யோக்கியதை எனக்கில்லை என்றேன். கிளப் தலைவர், ரயில்வேயில் கார்டாக இருந்தவர், யாரிடம் தருவது என்று கேட்டார். தையல் டீச்சர் பெயரைச் சொன்னதும் நான்தான். வேறு யார் சொல்வார்கள்?

கொஞ்ச நாளில் அவள் மகள் வீட்டுக்குப் போனாள். யார் ஊருக்குப் போனாலும் மாற்றுச் சாவியை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுப் போவதும், அவர் போய்த் தண்ணீர் ஊற்றுவதும் எங்கள் கிளப்பில் வழக்கம். சாவி எப்போதும் போல என்னிடம் வந்தது. சாயங்காலம் வேலை முடிந்து அவள் மாடிக்குப் போய்க் குழாயைத் திறந்தேன். தண்ணீர் நூலாக வந்தது. தொட்டிக்குப் பின்னால் இருக்கும் வால்வைப் பாதி மூடி வைத்திருக்கிறாள் போல என்று, பக்கவாட்டில் ஒருக்களித்து நுழைந்தேன்.

தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில், தெருவிலிருந்தோ எங்கள் மாடியிலிருந்தோ பார்த்தால் தெரியாத சந்தில், ஒரு இரும்புப் பந்தல். அதில் போன வருஷத்துக் கொடி காய்ந்து சுருண்டு கிடந்தது. கம்பியில் வரிசையாகச் சுரைக்குடுக்கைகள் தொங்கின. மேலே ஒரு குண்டு, கீழே ஒரு குண்டு, நடுவில் இடுப்பு. சமைக்கிற சுரை இல்லை. காயவைத்து, ஓட்டை போட்டு, உள்ளே பல்பு வைத்து அழகுக்குத் தொங்கவிடுகிற ஜாதி. பச்சையில் வாயில் வைக்க முடியாது, அவ்வளவு கசப்பு. ஒன்றுக்குப் பாதி வர்ணம் அடித்திருந்தாள். மகள் வீட்டு வரவேற்பறைக்காக இருக்கும்.

குழாயிலிருந்து தண்ணீர் என் காலை நனைத்துக்கொண்டிருந்தது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சுரைப்பூ சாயங்காலம் விரியும், அந்திப்பூச்சிகள் வரும், நடுவில் ஒரே வீடு. வேறு சுரை இல்லை என்று நம்பி நான் ஒரு பூவைக்கூடக் கட்டவில்லை. வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது.

இதோடு நின்றிருந்தாலாவது ஒருத்தியை மட்டும் வெறுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். பந்தலைப் பிடித்துக்கொண்டு வெளியே வரப் பார்க்கையில் பந்தல் குழாயின் முனை கையில் தட்டுப்பட்டது. முனை மூடியிருந்தது. வட்டமாக ஒரு சின்னத் தகட்டை வெட்டி, பற்றவைத்து, கை கிழிக்காமல் ராவி விட்டிருந்தது. குளவி கூடு கட்டாமல் இருக்க. கல்யாணமான புதிதில் என்னைக் குளவி கொட்டியதிலிருந்து என் வீட்டுக்காரர் எந்தக் குழாயின் வாயையும் திறந்து விடுவதில்லை. வேறு எந்த வெல்டரும் இதற்கு மெனக்கெட மாட்டான்.

மறுநாள் பட்டறையிலிருந்து அவர் சாப்பிட வந்தார். தட்டு வைத்தேன், பக்கத்தில் குடுக்கையையும் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார். தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"பந்தல் போட்டப்பவே. அலங்காரக் கொடின்னுச்சு. அதுக்கும் உன் சுரைக்கும் சம்பந்தம் உண்டுன்னு சத்தியமா அப்ப எனக்குத் தெரியாது."

"அப்புறம்?"

"கண்டக்டர் படுத்த அன்னிக்கு டீச்சர் பட்டறைக்கு வந்து அதுவே சொல்லுச்சு. அழுதுச்சு. அண்ணே, அவளுக்கு நீங்க இருக்கீங்க, கிளப்பை விட்டா எனக்கு யாரு இருக்கா, தபால்காரரை நான் பண்ணின மாதிரி என்னைப் பண்ணிடுவாங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டுச்சு." கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்தார். "நீ தாங்கிக்குவேன்னு நினைச்சேன்."

"தாங்குறவ தலையிலதான் எல்லாத்தையும் ஏத்துவீங்களா?"

எனக்கு ஒவ்வொரு வாசலும் ஞாபகத்துக்கு வந்தது. கைகூப்பி நான் நிற்க, பின்னால் ஹெல்மெட்டுக்குள் இவர். முகத்தை மறைக்கத்தான் அதைக் கழற்றவில்லை என்பது இப்போதுதான் உறைத்தது. ஊரான் செய்தால் துரோகம் என்று பெயர் வைத்துத் திட்டலாம். இவர் செய்ததற்கு எந்தப் பெயர் வைத்தாலும் அது என் வீட்டுக்குள்தான் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

"ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கு வாங்க" என்றேன்.

"நான் எதுக்கு?"

"ஹெல்மெட் இல்லாம வாங்க."

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்திருந்தார்கள். கண்டக்டர் இளைத்துப் போய், சட்டை ஆணியில் மாட்டியது போலத் தொங்க உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் அவர் மனைவி. தையல் டீச்சர் முதல்நாள்தான் ஊரிலிருந்து திரும்பியிருந்தாள். விதைப்பெட்டியைத் திறந்து யாருக்கோ வெண்டை விதை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். "சாவி எங்கடி, வீட்டுக்கு வரவே இல்ல?" என்று சிரித்தாள். நான் சாவியை மேஜையில் வைத்தேன். கூடவே பையிலிருந்த குடுக்கையை எடுத்து வைத்தேன்.

அவள் கை நின்றது. அவள் முதலில் என்னைப் பார்க்கவில்லை, வாசல் பக்கம் நின்ற என் வீட்டுக்காரரைத்தான் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அதிலேயே அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"என்னம்மா இது?" என்றார் கார்டு சார்.

"போன வருஷம் டீச்சர் மாடியில, தொட்டிக்குப் பின்னால காய்ச்சது சார். என்கிட்ட சொல்லலை. சொல்லியிருந்தா நான் பூவைக் கட்டியிருப்பேன். கசப்பு இதுலேருந்து வந்தது."

எல்லோருமே தோட்டக்காரர்கள், யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. டீச்சர் மெதுவாக உட்கார்ந்தாள்.

"ஒரே ஒரு கொடிதான் சார்" என்றாள். "மகளுக்கு விளக்கு பண்ணிக் குடுக்கலாம்னு ஆசை. ஒரு கொடிக்கு என்னத்தைப் போய்ச் சொல்றதுன்னு விட்டுட்டேன். இப்படி ஆகும்னு நினைக்கலை."

கண்டக்டர் எழுந்து என்னிடம் வந்தார். "தங்கச்சி, நீ என் வாசல்ல வந்து நின்னப்ப நான் உள்ளயிருந்தே போகச் சொல்லுன்னு சொன்னேனே" என்றார். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் எதற்காக வந்தேனோ அது கிடைத்துவிட்டது. என் பெயர் சுத்தமாகிவிட்டது. சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை.

கார்டு சார் விதைப்பெட்டியை மூடி என் பக்கம் தள்ளினார்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும்மா. நடந்தது நடந்துபோச்சு. உங்க பழைய வருஷத்து விதை இருக்குமே, அதுல கலப்பு இருக்காதே. அதை வச்சு குட்டிச்சுரையை மறுபடி ஆரம்பிச்சுடலாம்."

அப்போதுதான் எனக்கு அந்த டப்பா ஞாபகம் வந்தது. பொய் சொல்வானேன், அதுவரை நான் சொல்லாமல் விட்ட கொடியைப் பற்றியும், வாய்மூடி இருந்த புருஷனைப் பற்றியும்தான் பொருமிக்கொண்டிருந்தேன். டப்பாவை நினைக்கவே இல்லை. இப்போது அவள் பக்கம் திரும்பினேன்.

"பயந்து சொல்லாம இருந்தே, அது சரி. உன் கொடி போன வருஷத்துதுதானே? பழைய டப்பாவுல ஒரு கெடுதலும் இல்லைன்னு உனக்குத் தெரியும். நான் வேணாம்னு கையில பிடிச்சுக்கிட்டு நின்னேன். அதை ஏண்டி போட வச்சே?"

அவள் முந்தானையை விரலில் சுற்றினாள். பொய் தேடுகிறாள் என்றுதான் நினைத்தேன். தேடவில்லை.

"அதை நீ மறுபடி போட்டா நல்லாத்தான் காய்ச்சிருக்கும்" என்றாள், மேஜையைப் பார்த்துக்கொண்டு. "உன் விதை நல்லதுன்னு ஆயிட்டா, கசப்பு எங்கேருந்து வந்துச்சுன்னு எல்லாரும் தேட ஆரம்பிச்சிருப்பாங்கல்ல?"

தண்ணீர் கொதிக்கும்போதே இவ்வளவையும் யோசித்திருக்கிறாள். யோசித்துக்கொண்டேதான் என் கண்ணையும் துடைத்துவிட்டிருக்கிறாள்.

யாரோ அவளைத் திட்ட ஆரம்பித்தார்கள். எனக்கு அது காதில் சரியாக விழவில்லை. கார்டு சார் பெட்டியைத் தூக்கி என் கையில் வைத்தார். திறந்து பார்த்தேன். கத்திரி இருந்தது, வெண்டை இருந்தது, பூசணி இருந்தது. எல்லோருடையதும் இருந்தது.